புடவையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டும்மா!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் சனிக்கிழமை இரவு 9 மணி. பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. நடுத்தரமான ஒரு பட்டுக் கடையின் மாடியில் மட்டும் டியூப் லைட் எரிகிறது. பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அடுக்கிய புடவைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெண். எதிரே வாடிக்கையாளர் யாருமில்லை. ஸ்டாண்டில் செருகிய செல்போன்தான் இருக்கிறது.

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் நியூ ஜெர்சி சமையலறை. அங்கே காலை பதினொன்றரை. மருமகள் காபியோடு நிற்கிறார். இன்னொன்றில் தாம்பரத்திலிருந்து மாமியார். அவர் போனைப் பிடித்திருக்கும் கோணத்தில் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரிகின்றன. மூன்றாவது கட்டம் முழுக்கப் புடவை.

“அக்கா, இது மயில் கழுத்து. அரக்கு பார்டர்.”

“பச்சையா தெரியுதே? போட்டோல நீலமா இருந்துச்சே?”

“ரெண்டும்தான்க்கா. பாவு நீலம், ஊடை பச்சை. இப்ப பாருங்க...” என்று முந்தானையைத் தூக்கி மெல்ல அலைய விடுகிறார். துணி மடங்கும் இடத்தில் நீலம், நிமிரும் இடத்தில் பச்சை. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு “ஆ...”

தாம்பரத்து நெற்றி இப்போது பேசுகிறது. “ஏம்மா, அந்த பார்டரைக் கொஞ்சம் திருப்பிக் காட்டும்மா. பின்பக்கம் பாக்கணும்.”

திருப்புகிறார். உடலும் கரையும் சேரும் கோட்டின் மேல் விரலை வைத்து போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். சில நொடிகள் யாரும் பேசவில்லை. “ம்... கோர்வைதான். சரி, அடுத்தது போடு.”

அன்று அந்த அழைப்பு 47 நிமிடம் ஓடியது. பிரித்துக் காட்டிய புடவைகள் 31. அத்தனை நேரத்திலும் அந்தப் பெண்ணின் முகம் ஒருமுறைகூடத் திரையில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும், “உன் கை ராசியான கைம்மா” என்று தாம்பரம் சொன்னது. அவர்கள் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான்.

வீடியோ அழைப்பு வந்தால் வியாபாரி வாடிக்கையாளருக்கு நெருக்கமாகிவிடுவார் என்று வணிகப் பயிலரங்குகளில் சொல்கிறார்கள். முகம் பார்த்துப் பேசுங்கள், சிரியுங்கள், கேமராவின் கண்ணைப் பாருங்கள், பின்னணியில் ஒரு செடி வையுங்கள் என்று ஏகப்பட்ட அறிவுரைகள். காந்தி ரோட்டு மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பாடத்தில் பாதி தேவையில்லை என்று தெரிந்துவிடும். வாங்குகிறவர் பொருளைத்தான் பார்க்க வருகிறார். கேட்டதைக் கேட்டபடி ஒருவர் திருப்பிக் காட்டினால், காட்டுகிறவர் மேல் அன்பு தானாக வருகிறது.

முகத்தைக் காட்டித் தோற்ற போன்

இது செல்போன் காலத்துக்கு முன்பே நிரூபணமான விஷயம். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் ‘பிக்சர்போன்’ என்ற கருவியைக் காட்டியது. எதிர்முனையில் பேசுகிறவரின் முகம் சின்னத் திரையில் தெரியும். மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த ஆண்டே நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் பொதுக் கூண்டுகள் வைத்தார்கள். 3 நிமிடம் பேச, ஊரின் தூரத்தைப் பொறுத்து 16 முதல் 27 டாலர் வரை கட்டணம். அன்றைய டாலர்! கூண்டுகள் காற்று வாங்கின. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலர் சந்தாவுக்கு அலுவலகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அதுவும் படுத்துவிட்டது.

விலை ஒரு காரணம். இன்னொன்று, பேசுகிற ஆளின் முகத்தைப் பார்க்க யாருக்கும் அப்படி ஒரு அவசரம் இருக்கவில்லை. வீட்டில் தலைவாராமல் இருக்கும் நேரத்தில் போன் மணி அடித்தால் என்ன செய்வது என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது.

பிறகு நம் ஊரில் எப்படி ஓடியது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பைத் திறந்துவிட்டது. ஆனால் முதல் மூன்று ஆண்டுகள் அது மகன் அம்மாவிடம் “சாப்பிட்டியா” என்று கேட்கும் வசதியாகத்தான் இருந்தது. வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

2020 மார்ச் 25இல் கொரோனாவால் நாடு பூட்டப்பட்டது. வைகாசி முகூர்த்தங்களுக்கு நெய்து அடுக்கிய புடவைகள் கடைகளில் தேங்கின. கல்யாணங்கள் நின்றுவிடவில்லை, 50 பேரோடு நடந்தன. கூறைப்புடவை வேண்டுமே! கடைக்கு வர முடியாத வீடுகள் போன் செய்து, “வீடியோ கால்ல காட்டுவீங்களா?” என்று கேட்டன. அந்த ஏப்ரலில்தான் வாட்ஸ்அப் ஒரே அழைப்பில் எட்டுப் பேர் வரை சேரலாம் என்று விரித்தது. பட்டுக் கடைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் வீடுகளில் கல்யாணப் புடவையைத் தனியாளாக யார் எடுத்திருக்கிறார்கள்? அத்தை, பெரியம்மா, நாத்தனார் என்று வேன் பிடித்து வருகிற கூட்டம் அது. அந்தக் கூட்டமே இப்போது கட்டம் கட்டமாகத் திரைக்குள் உட்கார்ந்துகொண்டது.

சூரியன் இல்லாத நேரத்து வியாபாரம்

வெள்ளைத் துணி விரித்துப் புடவை போடுவது நம் கடைகளின் பழைய வழக்கம். பட்டில் அழுக்குப் படாது, நிறம் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக விரித்தது. அது செல்போன் கேமராவுக்கும் தேவையாகிவிட்டது.

செல்போன் கேமரா தானே வெளிச்சத்தைக் கணித்து நிறத்தைச் சரிசெய்துகொள்ளும். எதிரே பல நிறம் கலந்திருந்தால் கணிப்பு ஓரளவு சரியாக வரும். திரை முழுக்க ஒரே அரக்குச் சிவப்பு நிறைந்தால் அது குழம்பிவிடுகிறது. அறை வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து நிறத்தைக் குறைக்கும். அரக்கு வெளுத்து செங்கல் நிறமாகும், மாம்பழ மஞ்சள் சோகை பிடித்ததுபோல் ஆகும். பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இந்த அறிவியலை யாரும் அந்த மாடிப் பெண்ணுக்குச் சொல்லித் தரவில்லை. “முழுசா மூடினா கலர் மாறுதுண்ணே. ஓரத்துல கொஞ்சம் வெள்ளை விட்டுட்டா சரியா வருது” என்று தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். முகத்தை அழகாக்கும் ரிங் லைட்டை முதலாளி வாங்கிக் கொடுத்தாராம். ஜரிகை பளீரென்று அடித்து உடல் நிறம் தெரியாமல் போனதால், அது மூலையில் புடவைப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

நல்ல வழி, புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுவது. உள்ளூர் வாடிக்கையாளருக்கு அப்படித்தான் காட்டுகிறார்கள். அமெரிக்கா விழித்து, குளித்து, காபி குடித்து வரும்போது காஞ்சிபுரத்தில் சூரியன் இருப்பதில்லை. ஆகவே அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் போகும் பட்டெல்லாம் டியூப் லைட்டில் பார்த்து எடுத்த பட்டு. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம்.

எதிர்முனையிலும் கோளாறு உண்டு. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று பலர் போனில் ஒரு மஞ்சள் சாயலைப் போட்டுவைத்திருப்பார்கள். இங்கிருந்து எவ்வளவு சரியாகக் காட்டினாலும் அங்கே வெள்ளை, சந்தன நிறமாகத்தான் தெரியும். “அக்கா, உங்க போன்ல நைட் மோடு இருந்தா ஆஃப் பண்ணிடுங்க” என்பதுதான் அந்தப் பெண் ஒவ்வோர் அழைப்பிலும் சொல்லும் முதல் வாசகம். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

மணம் வராத போன்

பட்டு வாங்குவது கண்ணால் மட்டும் நடக்கும் காரியமில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முந்தானையைத் தேய்த்துப் பார்க்காமல் எந்தப் பாட்டியும் பணம் கொடுத்ததில்லை. கனம், வழவழப்பு, கசக்கினால் வரும் சரசரப்பு எதுவும் அழைப்பில் போகாது. இந்தக் குறையை ஈடுகட்ட விற்பவர்கள் கண்டுபிடித்த உபாயங்களை எழுதினால் தனிப் புத்தகமே வரும். புடவையை எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடையைக் காட்டுகிறார்கள். கைக்குள் கசக்கி மெதுவாக விரித்து, மடிப்பு எப்படிப் பிரிகிறது என்று காட்டுகிறார்கள். போனை அருகே வைத்துத் துணியைக் கசக்கிச் சத்தத்தைக் கேட்க வைக்கிறார்கள்.

நான் போயிருந்த அன்று கோயம்புத்தூர் அம்மா ஒருவர், “ஒரு இழை எரிச்சுக் காட்டு கண்ணு” என்றார். ஓரத்தில் தொங்கிய குஞ்சத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி ஊதுபத்தி நெருப்பில் காட்டினார் விற்பவர். அசல் பட்டு முடி கருகும் வாசனையோடு எரியும். சாம்பலைத் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். விரலால் நசுக்கிப் பொடியைக் காட்டினார். “சரி... வாசனை?” என்றார் அந்த அம்மா. “முடி வாசனைதாம்மா வருது.” “நீ சொன்னா சரி.”

மொத்த வியாபாரமும் அந்த “நீ சொன்னா சரி”யில் வந்து நிற்கிறது. கண்ணுக்கு எட்டியதை எல்லாம் ஒளிக்காமல் காட்டியவரின் சொல்லை, மூக்குக்கு எட்டாததற்கும் ஏற்றுக்கொள்கிறார் வாடிக்கையாளர்.

இந்த நம்பிக்கையின் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இரண்டு விஷயம். சில கடைகளில் ‘சில்க் மார்க்’ சீட்டைக் கேமரா முன் ஆட்டிக் காட்டிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் வரும் அந்தச் சீட்டு, துணி அசல் பட்டு என்பதற்கான உறுதி. கைத்தறியில் நெய்தது என்பதற்கோ, ஜரிகை அசல் என்பதற்கோ இல்லை. விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறிக்கு வேறு முத்திரை இருக்கிறது.

இரண்டாவது, தாம்பரத்து மாமியார் கேட்டதுதான். கோர்வைப் புடவையில் உடலின் ஊடை கரைக்குள் நுழையாது. சேரும் கோட்டில் கரையின் இழையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அந்தக் கோடு லேசாகப் பல் பல்லாக இருக்கும். கோர்வை இல்லாவிட்டால் உடலின் இழையே கரை வரை ஓடி, கரையின் நிறத்தில் உடலின் சாயல் கலந்திருக்கும். ஒரு புடவையை இந்த இடத்தில் திருப்பிக் காட்டச் சொன்னால், விற்பவர் எவ்வளவு வேகமாகத் திருப்புகிறார் என்பதிலேயே பாதி பதில் வந்துவிடும்.

ஆயிரம் பேருக்கா, ஒருவருக்கா?

“இதுக்கு லைவ் போட்டுடலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கம் போனால் யூடியூப் லைவில் சாஃப்ட் சில்க் விற்பனை அமர்க்களப்படுகிறது. “ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க சிஸ்டர்ஸ்” என்ற குரல் தமிழ்நாட்டு மதிய வேளையின் பின்னணி இசையாகிவிட்டது. ஆயிரம் ரூபாய்ப் புடவைக்கு அது பொருந்தும். லைவில் வியாபாரி கடைத்தெருவில் நின்று கூவுகிறார். அழைப்பில் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். கூவுகிறவரிடம் யாரும் புடவையைத் திருப்பிக் காட்டச் சொல்ல முடியாது.

லைவில் ஆபத்தும் அதிகம். சீனாவில் லிப்ஸ்டிக் விற்றே பெரும் நட்சத்திரமானவர் லி ஜியாச்சி. 2023 செப்டம்பரில் ஒரு லைவில், 79 யுவான் புருவப் பென்சில் விலை ஏறிவிட்டதே என்று ஒருவர் எழுதினார். இத்தனை வருஷத்தில் உன் சம்பளம் ஏறியதா, ஒழுங்காக வேலை பார்த்தாயா என்ற ரீதியில் திருப்பிக் கேட்டார் லி. லட்சக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்வதை நிறுத்தினார்கள். பிறகு கேமரா முன் அழுது மன்னிப்புக் கேட்டார். ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தால் ஒரு புருவப் பென்சிலோடு போயிருக்கும்.

முகம் மட்டுமே முக்கியமாகிற வீடியோ அழைப்புகளும் உண்டு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரை நேரில் பார்க்காமல் வீடியோவில் சரிபார்த்துக் கணக்குத் தொடங்க அனுமதித்தது. ஒரு வங்கியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். “தலையை இடப்பக்கம் திருப்புங்க, பான் கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க, நீங்க இருக்கிற இடத்தை அனுமதிங்க” என்று வரிசையாகக் கட்டளைகள். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. தப்பே இல்லை, சட்டம் கேட்பது அது. ஆனாலும், சந்தேகக் கேஸில் பிடித்துவந்து நிறுத்தியதுபோல் ஒரு உணர்ச்சி. எதிரே இருந்தவருடைய முகம் எனக்கு இன்று நினைவில் இல்லை.

மருத்துவம் வேறு கதை. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல், சில வகை மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதுவதானால் அது வீடியோ வழி ஆலோசனையாக இருக்க வேண்டும் என்கிறது. நாக்கை நீட்டிக் காட்டுவதும் வீங்கிய காலைக் காட்டுவதும் குரலில் முடியாது என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அங்கேயும் பாருங்கள், கேமரா திரும்புவது உடம்பை நோக்கித்தான்.

முகம் தெரிந்தால் போதும் என்று நம்பியவர்கள் பட்ட பாடு இன்னொரு பக்கம். 2024இல் ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர், தன் மேலதிகாரிகள் இருந்த வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டு, அவர்கள் சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லா முகமும் கணினி செய்த போலி. நம் ஊரில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று காக்கிச் சட்டையோடு வீடியோவில் வந்து மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930க்குப் பேசுங்கள்.

கடல் தாண்டாத பார்சல்

காந்தி ரோட்டுக்கு வருவோம். புடவை பிடித்துவிட்டது, பிறகு? உள்ளூர் என்றால் ஜிபே முடிந்தது. வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்களும் தங்கள் இந்திய வங்கிக் கணக்கை யூபிஐயோடு இணைக்கலாம் என்று 2023 ஜனவரியில் வந்த அனுமதி, அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உட்படப் பத்து நாட்டுக்காரர்களுக்கு வழியைச் சுலபமாக்கியது. துபாய் வாடிக்கையாளர்களுக்கென்று பல கடைகளில் இன்னொரு போன் இருக்கும். அங்கே பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் அழைப்பு கிடையாது என்பதால் ‘பாட்டிம்’ என்ற ஆப்பில் பேசுவார்கள்.

பணம் நொடியில் போகிறது, பார்சல்தான் நிற்கிறது. 800 டாலருக்குள் இருந்தால் சுங்கவரி இல்லை என்ற சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா நிறுத்தியது. அதையொட்டி நம் தபால் துறையும் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அந்த நியூ ஜெர்சிப் புடவையே தாம்பரத்து விலாசத்துக்குத்தான் போனது. மாமியார் போகும்போது பெட்டியில் எடுத்துப்போவாராம். “என் முகம்தான் சரியா தெரியல, புடவையாவது சரியா போய்ச் சேரட்டும்” என்று சிரித்தது சீலிங் ஃபேன்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பில் கேட்டு வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நல்ல கடைக்காரர்களே அதைத்தான் சொல்கிறார்கள். தகராறு வந்தால் 1915.

மணி பத்தை நெருங்குகிறது. அந்தப் பெண்ணுக்குக் கடைசி அழைப்பு, மாம்பழ மஞ்சளில் தாழம்பூ ரேக்கு கேட்ட யாரோ ஒருவருக்கு. பதினெட்டுப் புடவை பிரித்தாயிற்று. பத்தொன்பதாவதைத் தூக்கும்போது திரை அணைந்தது. “நெட் போயிருக்கும்ல?” என்றேன். “இல்லண்ணே. பிடிக்கலன்னா இப்படித்தான் வச்சிடுவாங்க. திரும்ப அடிச்சா எடுக்க மாட்டாங்க.” பத்து நிமிடம் காத்திருந்தார், கூப்பிட்டால் இருக்க வேண்டுமே என்று. பிறகு ஒவ்வொன்றாக மடிக்க உட்கார்ந்தார். பிரித்த புடவையைப் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். கடைசி பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ.

நேரில் கடைக்குப் போனால் “நாளைக்கு வரேம்மா” என்று ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுத்தானே படி இறங்குவோம்? வீடியோ காலிலும் பிடிக்கவில்லை என்றால், “வேண்டாம்மா, நீ மடிச்சு வச்சிடு” என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள்.